மலையாளம் வந்த வழியிலேயே இங்கிலீஷும் வரும்: எல்லையோரத் தமிழர்களுக்கு அன்றாட வாக்கியங்களின் முழு வழிகாட்டி

கேரள எல்லையிலுள்ள குமுளியில் மலையாளத்தைப் பாடம் படித்துக் கற்றுக்கொண்ட தமிழர் எவரையும் நான் பார்த்ததில்லை. தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடிகாலையில் பஸ்ஸிலும் ஜீப்பிலும் மலையேறி வருகிறோம். கடையில் நின்ற முதல் நாளே ஒரு சேச்சி ஏலக்காய்ப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி "இது எத்ரயா?" என்கிறார். பொட்டலமும் பார்வையும் சேர்ந்தே அர்த்தத்தைச் சொல்லிவிடுகின்றன. மறுநாள் "கொறச்சு மதி" காதில் விழுகிறது, கொஞ்சம் போதும் என்று. அதற்கடுத்த நாள் "சாரமில்ல, பின்னே வராம்", பரவாயில்லை, அப்புறம் வருகிறேன் என்று. "வெள்ளம் வேணோ?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம், தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்கிறார்கள் என்பது ஒரு தடவை திகைத்து நின்றதோடு தெளிந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் பேரம் பேசவும் சண்டை போடவும் சமாதானமாகவும் வாய் பழகிவிடுகிறது. எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று யாரும் நம்மை நிறுத்திக் கேட்டதே இல்லை.

அதே ஆளிடம் இங்கிலீஷ் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பன்னிரண்டு டென்ஸையும் முடித்த பிறகுதான் வாயைத் திறக்கலாம் என்று எப்போதோ பள்ளிக்கூடத்தில் மனதில் விழுந்துவிட்டது. இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பின்னால் வரட்டும். மலையாளம் எப்படி முழு வாக்கியங்களாக வாயில் வந்து உட்கார்ந்ததோ, இங்கிலீஷையும் அப்படியே உட்கார வைக்கலாம்.

நான் குமுளிக் கடைத்தெருவில் ஒரு மசாலாக் கடையில் பன்னிரண்டு வருடம் நின்றேன். இப்போது கூடலூரில் வீட்டுத் திண்ணையில் சாயங்கால வகுப்பு. ஜீப் ஓட்டுகிற தம்பிகள், கடைகளில் நிற்கிற பெண்கள், நர்சிங் படிக்கிற பிள்ளைகள், பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குப் போகத் தயங்குகிற அம்மாக்கள் வருகிறார்கள். அவர்களோடு செய்து பார்த்ததில் பலன் தந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன். இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், சத்தமாகப் படிப்பதற்காக. மனதுக்குள் படித்தால் பயன் இல்லை.

முதல் படி: உங்கள் ஒரு நாளை எழுதுங்கள்

ஒரு 80 பக்க நோட்டு போதும். காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை எங்கெல்லாம் இங்கிலீஷ் உங்கள் முன்னால் வந்து நிற்கிறது என்று தமிழிலேயே எழுதுங்கள். யாரிடம், எந்த இடத்தில், என்ன காரியத்துக்காக என்பது தெரிந்தால் போதும்.

ஜீப் ஓட்டுகிற ஒரு தம்பியின் பக்கத்தில் இருந்தது இது: எத்தனை மணிக்குக் கிளம்பணும், எத்தனை பேர், யானை தெரியுமா, வாடகை எவ்வளவு, வழியில் நிறுத்தச் சொன்னால் என்ன சொல்வது. ஒரு அம்மாவின் பக்கத்தில் இரண்டே வரிதான்: பையன் எப்படிப் படிக்கிறான் என்று டீச்சரிடம் கேட்க வேண்டும், பேங்கிலிருந்து போன் வந்தால் பதில் சொல்ல வேண்டும். இந்த இருவருக்கும் ஒரே வாக்கியப் பட்டியலைக் கொடுத்தால் இருவருமே பாதியில் விட்டுவிடுவார்கள். விமான நிலையத்தில் பேச வேண்டியதை, விமானம் ஏறவே போகாதவர் முதல் வாரத்தில் படிக்க வேண்டியதில்லை. எனவே இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: மாட்டிக்கொண்டால் மீள்வதற்கான வாக்கியங்கள்

பெரும்பாலும் எல்லோரும் குட் மார்னிங்கில் தொடங்குவார்கள். நான் "புரியவில்லை"யில் தொடங்குகிறேன். குட் மார்னிங் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் பேச ஆரம்பித்துவிடுவார், அப்புறம்தான் கஷ்டமே. மீளும் வழி கையில் இருந்தால் பயம் பாதி போய்விடும்.

"சாரி, ஐ டிடின்ட் கெட் தட்." நீங்கள் சொன்னது பிடிபடவில்லை என்று அர்த்தம்.

"குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?" இன்னொரு தடவை சொல்லுங்களேன். இந்தக் "குட்" குட் மார்னிங்கில் வருவது அல்ல, "முடியுமா" என்று கேட்கிற வேறு சொல்.

"குட் யூ ஸ்பீக் அ லிட்டில் மோர் ஸ்லோலி?" கொஞ்சம் மெதுவாகப் பேசுங்களேன்.

"வாட் டஸ் தட் வேர்ட் மீன்?" அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?

"ஜஸ்ட் அ மினிட், ப்ளீஸ்." ஒரு நிமிஷம்.

"வாட் டு யூ கால் திஸ் இன் இங்கிலீஷ்?" பொருளைக் கையில் காட்டிக்கொண்டு கேட்பதற்கு.

இந்த ஆறும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். வெறும் "வாட்?" என்று மட்டும் கேட்காதீர்கள். தமிழில் "என்ன?" என்பது முரட்டுத்தனமாகத் தெரிந்தால் "என்னங்க?" என்று சொல்லிச் சமாளிக்கலாம். "வாட்"டுக்கு அப்படி ஒரு வால் கிடையாது. அந்த இடத்தில் "சாரி?" என்று குரலைச் சற்று மேலே தூக்கிக் கேட்டால் மரியாதையாக இருக்கும்.

புரியாதபோது சிரித்துத் தலையாட்டுவதையும் விடுங்கள். நாம் இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டுகிற ஆட்டத்தை வெளிநாட்டவர் பலரால் ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது, இல்லை என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. வாயால் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: "ங்க" எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது?

இதில்தான் நம் ஆட்கள் அதிகமாகச் சறுக்குகிறார்கள். மரியாதை தெரியாமல் அல்ல, மரியாதையை வைக்க வேண்டிய இடம் தெரியாமல்.

தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. வா, வாங்க. கொடு, கொடுங்க. நீ, நீங்க. மலையேறி மலையாளத்துக்கு வந்தால் இடம் மாறிவிடுகிறது. நாம் "நீங்கள்" என்று நினைத்துக்கொண்டு வயதான ஒருவரை "நிங்ஙள்" என்று கூப்பிட்டால் அவர் முகம் சுருங்கும். அந்த ஊரில் அது அவ்வளவு மரியாதையான சொல் அல்ல. "சேட்டா", "சேச்சி", "சாறே" என்று உறவையோ பதவியையோ சொல்லிப் பேசுவதுதான் மரியாதை. இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, இரண்டு முகம் சுருங்கியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

இங்கிலீஷில் அது இன்னொரு இடத்தில் இருக்கிறது. குழந்தைக்கும் "யூ", கலெக்டருக்கும் "யூ". வினைக்கு வாலும் கிடையாது. மரியாதை முழுக்க வாக்கியத்தின் தலையில், "குட்", "உட்", "மே" என்ற சொற்களில் உட்கார்ந்திருக்கிறது. "கிவ் மீ வாட்டர்" என்பதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கேட்பவர் காதில் அது "தண்ணி கொடு" என்று விழுகிறது. கடைசியில் ஒரு "ப்ளீஸ்" ஒட்டினாலும் கட்டளையின் வாடை முழுதாகப் போகாது.

நான்கு அச்சுகளை மட்டும் பழகுங்கள். அச்சு வெல்லம் ஊற்றுவது மாதிரி, உள்ளே எதை வேண்டுமானாலும் ஊற்றலாம்.

ஒன்று, "குட் யூ..." யாரையாவது ஏதாவது செய்யச் சொல்லும்போது. "குட் யூ செக் மை பேலன்ஸ், ப்ளீஸ்?" "குட் யூ மூவ் யுவர் கார் அ லிட்டில்?" "குட் யூ டெல் மீ ஹவ் மை சன் இஸ் டூயிங் இன் மேத்ஸ்?"

இரண்டு, "குட் ஐ ஹாவ்..." ஏதாவது வேண்டும்போது. "குட் ஐ ஹாவ் த பில், ப்ளீஸ்?" "ஐ வாண்ட்" வருகிற இடங்களில் எல்லாம் இதையோ "ஐ உட் லைக்" என்பதையோ வையுங்கள். வேகமாகப் பேசும்போது அது "ஐட் லைக்" என்று சுருங்கிக் கேட்கும், குழம்ப வேண்டாம்.

மூன்று, "உட் யூ லைக்..." நாம் ஒன்றைக் கொடுக்க முன்வரும்போது. கடையில் நிற்பவர்களுக்குத் தங்கமான வாக்கியம் இது. "யூ வாண்ட்?" என்று பொட்டலத்தை நீட்டுவதற்கும், "உட் யூ லைக் டு ஸ்மெல் இட்?" என்று இரண்டு ஏலக்காயை உள்ளங்கையில் நசுக்கி நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் வியாபாரத்திலேயே கண்டிருக்கிறேன்.

நான்கு, "டு யூ மைண்ட் இஃப் ஐ..." அனுமதி கேட்க. "டு யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" உட்கார்ந்தால் உங்களுக்குச் சிரமமா என்பதுதான் கேள்வி. அதனால் சம்மதம் சொல்ல "நோ, நாட் அட் ஆல்" என்று சொல்ல வேண்டும். "யெஸ்" என்றால் சிரமம்தான் என்று ஆகிவிடும்.

நன்றி விஷயமும் இங்கேயே. காபி கொடுத்த அம்மாவுக்கு நம் வீட்டில் யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அன்னியமாக இருக்கும். இங்கிலீஷ் பேசுபவர்கள் கதவைப் பிடித்து நின்றதற்கும், மீதிச் சில்லறை கொடுத்ததற்கும் "தேங்க்யூ" சொல்வார்கள். திருப்பி "யூ ஆர் வெல்கம்" சொல்லிவிடுங்கள். "மென்ஷன் நாட்" பழசாகிவிட்டது. "அங்கிள்", "ஆன்ட்டி" என்று முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுவது நம் ஊருக்குள் சரி, வெளிநாட்டவரிடம் வேண்டாம். "எக்ஸ்க்யூஸ் மீ" என்று தொடங்கினால் போதும்.

நான்காம் படி: ஆமாம் என்றால் நோ

கடைக்கு வந்த இரண்டாம் வருடம். ஒரு வயதான வெளிநாட்டுத் தம்பதி. அந்த அம்மா கால் கிலோ மிளகுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "யூ டோன்ட் ஹாவ் எனி ஸ்மாலர் பேக்கெட்ஸ்?" என்று கேட்டார். சின்னப் பொட்டலம் இல்லையா என்று கேட்கிறார், புரிந்துவிட்டது. எங்களிடம் இல்லை. "ஆமாங்க, இல்லை" என்று மனம் சொன்னது. வாய் "யெஸ்" என்றது. அவர் முகம் மலர்ந்து காத்துக்கொண்டு நின்றார். நானும் அவர் அதையே வாங்கப் போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன். இரண்டு மூன்று நிமிடம் அப்படியே போயிற்று. பிறகு பொட்டலத்தை மெல்ல வைத்துவிட்டு இருவரும் இறங்கிப் போனார்கள். என்ன தப்பு நடந்தது என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் மிளகுதான். பெரிய பொட்டலத்தைப் பிரித்துக் கட்டிக் கொடுத்திருக்கலாம்.

தமிழில் நாம் கேள்விக்குப் பதில் சொல்கிறோம். "இல்லையா?" என்றால் "ஆமாம், இல்லை". இங்கிலீஷில் கேள்வியின் உருவத்தைப் பார்க்கக் கூடாது, பொருளைப் பார்க்க வேண்டும். இருக்கிறதா, யெஸ். இல்லையா, நோ. அவர் எப்படிக் கேட்டிருந்தாலும் சரி. கூடவே ஒரு வாலைச் சேர்த்துச் சொன்னால் குழப்பமே வராது: "நோ, வி டோன்ட்." "யெஸ், வி டூ."

இதை இருவர் இருவராகப் பழக வேண்டும். ஒருவர் இல்லை என்ற கேள்வியாகவே கேட்டுக்கொண்டிருக்கட்டும். "ஹாவன்ட் யூ ஈட்டன்?" சாப்பிடவில்லை என்றால் "நோ, ஐ ஹாவன்ட்". "டோன்ட் யூ லிவ் இன் குமுளி?" கூடலூர்க்காரர் என்றால் "நோ, ஐ டோன்ட். ஐ லிவ் இன் கூடலூர்." முதல் நாள் பத்துக்கு ஆறு தப்பாகும். ஒரு வாரம் விடாமல் செய்தால் நாக்கு திரும்பிவிடும்.

ஐந்தாம் படி: தமிழ்ச் சொல் ஒன்று, இங்கிலீஷில் பல

"லாம்" ஒன்றே போதும் உதாரணத்துக்கு. "வாங்க, போகலாம்" என்றால் "லெட்ஸ் கோ". "வேலை முடிஞ்சது, நீங்க போகலாம்" என்றால் "யூ கேன் கோ". "அதிர்ஷ்டம் இருந்தா யானையைப் பார்க்கலாம்" என்றால் "யூ மைட் சீ எலிஃபன்ட்ஸ்". தமிழில் மூன்றும் ஒரே "லாம்". நம் ஜீப் தம்பி ஒருவர், தேக்கடி வந்த விருந்தினர்களிடம் "யூ கேன் சீ டைகர்" என்று சொல்லிவிட்டார். பார்க்க வாய்ப்பிருக்கிறது என்பதுதான் அவர் மனதில். அவர்கள் காதில் அது வாக்குறுதியாக விழுந்தது. தேக்கடிக் காடு அடங்கிய பெரியாறு 1978 முதல் புலிகள் காப்பகம்தான், ஆனால் அங்கே புலி கண்ணில் படுவது அபூர்வம். சாயங்காலம் திரும்பி வந்து அவரிடம் கோபித்துக்கொண்டார்கள். பொய் சொன்னவர் என்று பெயர். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் "மைட்" என்ற சொல்லுக்குத் தனி மரியாதை. "யூ மைட் சீ வன், பட் ஐ கான்ட் ப்ராமிஸ்." இதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது "எனக்கு". நாம் "எனக்கு" என்று தொடங்குகிற பல வாக்கியங்கள் இங்கிலீஷில் "ஐ" என்று தொடங்கும். எனக்குப் பசிக்குது, "ஐ ஆம் ஹங்ரி". எனக்குத் தலை சுத்துது, "ஐ ஃபீல் டிஸி". எனக்கு ரெண்டு பசங்க, "ஐ ஹாவ் டூ சன்ஸ்". "ஐ ஆம் ஹாவிங் டூ சன்ஸ்" என்று நீட்ட வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. தேனி மெடிக்கல் காலேஜ் போனாலும் கோட்டயம் மெடிக்கல் காலேஜ் போனாலும், எத்தனை நாளாக என்ற கேள்வி நிச்சயம் வரும். "மூணு நாளா" என்று எண்ணிக்கை சொன்னால் "ஃபார் த்ரீ டேஸ்". "திங்கட்கிழமையிலிருந்து" என்று தொடங்கிய நாளைச் சொன்னால் "சின்ஸ் மண்டே". "சின்ஸ் த்ரீ டேஸ்" என்று கலந்து சொல்வதுதான் எங்கும் கேட்கிற தப்பு. "ஐ ஹாவ் ஹாட் அ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்" என்பது முழு வாக்கியம். வலிக்கு "இட் ஹர்ட்ஸ் ஹியர்" என்று சொல்லி இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். மாத்திரை வாங்கும்போது "பிஃபோர் ஃபுட் ஆர் ஆஃப்டர் ஃபுட்?" என்று கேட்க மறக்காதீர்கள்.

விடைபெறுவதில் மனசு சம்பந்தப்பட்ட ஒரு சிக்கல். "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போக நமக்கு வாய் வராது. "போய்ட்டு வரேன்" என்போம். மலையாளத்திலும் "போயிட்டு வராம்" என்பதால் இந்த எல்லையில் அதை மாற்ற வேண்டியதே இருக்கவில்லை. அதை "ஐ வில் கோ அண்ட் கம்" என்று இங்கிலீஷில் வைத்தால் எங்கே போய் எப்போது வரப்போகிறார் என்று எதிராளி யோசிப்பார். "சீ யூ" என்பதில் மறுபடி பார்ப்போம் என்ற எண்ணம் இருக்கிறது. நம் மனசுக்கு அதுதான் கிட்டத்தில் வருகிறது. நாளைக்கே பார்ப்பதென்றால் "சீ யூ டுமாரோ". கடையை விட்டு ஐந்து நிமிடம் வெளியே போவதென்றால் "ஐ வில் பி பேக் இன் ஃபைவ் மினிட்ஸ்".

"சாப்பிட்டாச்சா?" என்பதும் இதே ஜாதி. நமக்கு அது நலம் விசாரிப்பு. வெளிநாட்டவர் சிலருக்கு அது சாப்பிடக் கூப்பிடுவதாகத் தெரியும். "ஹவ் ஆர் யூ?" போதும். உங்களை அப்படிக் கேட்டால் உடம்பின் கஷ்டத்தையெல்லாம் சொல்ல வேண்டாம். "ஐ ஆம் ஃபைன், தேங்க்யூ. அண்ட் யூ?" என்று திருப்பிக் கொடுங்கள்.

ஆறாம் படி: நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் இங்கிலீஷ்

ஏலக்காய் உலர்த்துகிற கட்டிடத்துக்கு இந்த மலையில் "ஸ்டோர்" என்று பெயர். வெளியாளிடம் "ஸ்டோர்" என்றால் கடை என்று நினைப்பார், "ட்ரையிங் ஹவுஸ்" என்று சொல்லுங்கள். பருமனான காய் நமக்கு "போல்ட்". ஏழு மில்லிமீட்டர் காயின் தரப்பெயரே "ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்" என்பதுதான். போடியில் வியாபாரம் பேசும்போது அது சரியான சொல். சுற்றுலா வந்தவர் காதில் "போல்ட்" என்றால் தைரியமான என்று விழும். தைரியமான ஏலக்காய் என்றால் அவருக்கு என்ன விளங்கும்? "பிக் பாட்ஸ்" என்று சொல்லிக் கையில் வைத்துக் காட்டுங்கள்.

"ஹோட்டல்" நமக்குச் சாப்பிடும் இடம், அவர்களுக்குத் தங்கும் இடம். சாப்பாட்டுக்கு "ரெஸ்டாரன்ட்". "அவுட் ஆஃப் ஸ்டேஷன்", "குட் நேம்" எல்லாம் கொச்சியிலிருந்து சென்னை வரை எல்லோருக்கும் புரியும். அவற்றைத் தப்பு என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தியாவில் வளர்ந்த இங்கிலீஷ் அது. ஆனால் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்று மட்டும் வெளியாளிடம் சொல்லாதீர்கள். மயக்கம் போட்டு விழுந்தேன் என்று அர்த்தமாகிவிடும். "ஐ கிராஜுவேட்டட் இன் 2019" என்று சொல்லலாம். "மைசெல்ஃப்" என்று பெயரைச் சொல்லத் தொடங்காமல் "ஐ ஆம்" என்று தொடங்குங்கள். லட்சம் புரியாதவரிடம் "ஒன் ஹண்ட்ரட் தௌசண்ட்".

ஏழாம் படி: நாக்கும் உதடும்

நான் எழுதியிருக்கும் தமிழ் எழுத்து இங்கிலீஷ் ஒலியின் பாதியைத்தான் தாங்கும். முதுகு, பை, மூட்டை கட்டுவது என்ற மூன்றுக்குமான இங்கிலீஷ் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் "பேக்"தான். எனவே போனில் டிரான்ஸ்லேட் ஆப்பைத் திறந்து, ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி, ஒவ்வொரு வாக்கியத்தையும் காதால் கேட்டுவிடுங்கள்.

நான்கு விஷயத்தில் மட்டும் கவனம் வையுங்கள். சொல்லின் கடைசியில் "உ" சேர்க்காதீர்கள்: பஸ்ஸு, லைட்டு, நைட்டு என்று நீட்டாமல் வெட்டி நிறுத்துங்கள். முன்னால் "இ" சேர்க்காதீர்கள்: இஸ்கூல் வேண்டாம், பாம்பு சீறுவது மாதிரி "ஸ்ஸ்" என்று தொடங்கி "கூல்" சேருங்கள். "ஃப" வரும்போது மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும், இரண்டு உதடும் ஒட்டினால் "ப" ஆகிவிடும். மிளகுக்கான "பெப்பர்" என்ற சொல்லின் முதல் "ப"வில் காற்று வெளியே அடிக்க வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு பஸ் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். காகிதம் அசைந்தால் சரி. "பிக்" என்று பெரியதைச் சொல்லும்போது அசையக் கூடாது.

அப்புறம் எண்கள். "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் கடைக்காரர்களுக்கு நஷ்டம் வைக்கிற ஜோடி. பதினைந்தைச் சொல்லும்போது பின்பாதியை அழுத்தி நீட்டுங்கள், ஐம்பதைச் சொல்லும்போது முன்பாதியை அழுத்திப் பின்பாதியைச் சுருக்குங்கள். சந்தேகம் வந்தால் "ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் சீரோ?" என்று கேட்டுவிடுங்கள். இங்கிலீஷில் ஒவ்வொரு நீளமான சொல்லிலும் ஓர் இடம் கனமாக இருக்கும். "ஹோட்டல்" என்பதில் கனம் இரண்டாம் பாதியில், நாம் முதலில் வைக்கிறோம். இதெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

எட்டாம் படி: போன்

போனில் முகமும் கையும் உதவிக்கு வராது. அதனால் பேசப் போவதை முன்கூட்டியே மூன்று வரியில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். "குட் மார்னிங். ஐ ஆம் காலிங் அபௌட் மை காஸ் கனெக்ஷன்." "மே ஐ நோ ஹூ இஸ் ஸ்பீக்கிங்?" "குட் யூ ஸ்பெல் தட், ப்ளீஸ்?" பெயரை எழுத்துக்கூட்டும்போது "கே ஃபார் கேரளா, எம் ஃபார் மதுரை" என்று சொல்லிக்கொண்டே போங்கள். தெரியாத எண்ணிலிருந்து பேங்க் என்று சொல்லிக்கொண்டு ஓடிபி கேட்டால் அதற்கு ஒரே வாக்கியம்தான்: "ஐ டோன்ட் ஷேர் தட் ஆன் த போன்." சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் ஊரைப் பற்றி எட்டு வரி

கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு திறமை, நாமாகத் தொடர்ந்து பேசுவது வேறு திறமை. தெரிந்த விஷயத்தைப் பேசினால் சொல் தானாகத் தேடி வரும். நமக்கு நம் ஊரைவிடத் தெரிந்தது என்ன இருக்கிறது?

"கூடலூர் இஸ் அட் த ஃபுட் ஆஃப் த ஹில்ஸ். த கம்பம் வேலி இஸ் ஃபேமஸ் ஃபார் கிரேப்ஸ். த பெரியார் டாம் வாஸ் பில்ட் பை அன் இங்கிலீஷ் என்ஜினியர், ஜான் பென்னிகுயிக். இட் வாஸ் கம்ப்ளீட்டட் இன் எய்ட்டீன் நைன்ட்டி ஃபைவ். த வாட்டர் கம்ஸ் டு அஸ் த்ரூ அ டனல். அவர் பேடி ஃபீல்ட்ஸ் டிபெண்ட் ஆன் இட். தேர் இஸ் அ மெமோரியல் டு ஹிம் அட் லோயர் கேம்ப். பீப்பிள் ஹியர் ஸ்டில் ரிமெம்பர் ஹிம் அட் பொங்கல்."

ஆண்டைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். 1895ஐத் தமிழில் ஆயிரத்து எண்ணூற்று என்று தொடங்குகிறோம். இங்கிலீஷில் இரண்டு இரண்டு இலக்கமாகப் பிரித்து, பதினெட்டு, தொண்ணூற்றைந்து என்று சொல்வார்கள். வகுப்பில் இந்த எட்டு வரியை முதன்முதலில் தடங்கல் இல்லாமல் சொன்னது, ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய ஒரு அக்கா. பென்னிகுயிக் கதை அவருக்குச் சின்ன வயதிலிருந்து மனப்பாடம், சொல்ல வேண்டிய மொழி மட்டும்தான் புதிது.

ஏலத்தோட்டக்காரர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "கார்டமம் க்ரோஸ் இன் த ஷேட். த பாட்ஸ் க்ரோ நியர் த கிரவுண்ட், நாட் அட் த டாப்." காய் செடியின் அடியில் காய்க்கிறது என்பது வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். குனிந்து பார்ப்பார்கள், அடுத்த கேள்வி தானாக வரும்.

பத்தாம் படி: வாரத்துக்குப் பத்து

ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம், ஐந்து நாளைக்குப் பத்து. சனியும் ஞாயிறும் புதிதாக ஒன்றும் வேண்டாம், அந்தப் பத்தையே திருப்புங்கள். ஒரு வாக்கியத்தை நிஜ ஆளிடம் மூன்று தடவை சொன்ன பிறகுதான் நோட்டில் டிக் போட வேண்டும். கண்ணாடி ஆள் அல்ல. ஆள் கிடைக்காவிட்டால் வாட்ஸ்அப்பில் நண்பருக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள், அவரும் பதிலுக்கு அனுப்பட்டும். மலைப்பாதையில் பஸ் ஏறுகிற நேரம் கேட்பதற்கு நல்ல நேரம். பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சி இலவசம். ஒரே நிகழ்ச்சியை ஒரு வாரம் முழுக்கக் கேளுங்கள். தினம் ஒன்று என்று மாற்றிக்கொண்டே போவதைவிட அது மேல்.

யாராவது தப்பைத் திருத்தினால் "தேங்க்யூ, ஐ வில் ரிமெம்பர் தட்" என்று சொல்லி, சரியானதை அந்த இடத்திலேயே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்களைக் காலியாக விட்டு வையுங்கள். அன்றைக்குச் சொல்ல நினைத்து, சொல் வராமல் போனதைத் தமிழில் அங்கே எழுத வேண்டும். அடுத்த வாரத்தின் பத்து வாக்கியங்கள் அங்கிருந்துதான் வரும். போன ஞாயிற்றுக்கிழமை மசாலாக் கடையில் நிற்கிற ஒரு பெண் கொண்டுவந்த பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "மழை விட்டதும் போகலாம்." எந்த "லாம்" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, கூப்பிடுகிற "லாம்" என்றாள். அப்புறம் அவளே சொன்னாள்: "லெட்ஸ் கோ வென் த ரெயின் ஸ்டாப்ஸ்."